நறுமணமும் நேர்மையும்

சென்ற குளிர்காலத்தில் புது தில்லியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீதை வகுப்பு முடிந்து, பிரசாதம் பெற்றுக்கொண்டு அனைவரும் கலைந்துகொண்டிருந்தனர். ஓர் இளைஞர் மட்டும் தயங்கி நின்றார். "சார், ஒரு சந்தேகம். ஒருவரைக் கவர்வதற்காக வாசனை பூசிக்கொள்வது அதர்மமா?" என்று கேட்டார். அருகில் நின்ற இருவர் சிரித்துவிட்டனர். அவர்களோடு சேர்ந்து நானும், "வாசனை எதற்கு? சோப்புத் தேய்த்து நன்றாகக் குளித்தாலே போதுமே!" என்றேன்.

அவருடைய முகம் வாடியது. கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்துக் காட்டினார். இணையதளம் மூலம் வாங்கியது. விலையோ அவருடைய மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதி. அதனுள் இருக்கும் திரவத்தைப் பூசிக்கொண்டால், அருகில் வரும் பெண்கள் காரணம் தமக்கே தெரியாமல் ஈர்க்கப்படுவார்கள் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தது. "அலுவலகத்தில் உடன் பணிபுரியும் ஒருவர்மீது எனக்கு விருப்பம். என்னைப் போன்றவனை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இதைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். பெட்டியின் மேலுறை பிரிக்கப்படாமலேயே இருந்தது. எனக்கு மெட்ரோவுக்கு நேரமாகிவிட்டது; அவரும் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து என் வேடிக்கைப் பேச்சு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு மாத காலம் தர்மத்தை யோசிக்கும் மனிதருக்கு இதைவிட நல்ல பதில் தந்திருக்க வேண்டும். தாமதமாகத் தரும் அந்தப் பதிலே இக்கட்டுரை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவோம். நறுமணத்தை நம் முன்னோர் பாவமாகக் கருதியதே இல்லை. பதினாறு உபசாரங்களில் இறைவனுக்குச் சந்தனம் சாத்துவதும் ஒன்று. பிருதிவியில் உறையும் தூய மணம் தானே என்று கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் பகவான் கூறுகிறார். குருகுலத்தில் பயிலும் பிரம்மச்சாரிக்கு வாசனைப் பூச்சையும் மாலையையும் மனு விலக்குகிறார் என்பது உண்மை. ஆனால் அது பயிற்சிக் காலத்தின் கட்டுப்பாடு, இல்லறத்தானுக்கு விதித்ததன்று. கிரகங்களையும் மழையையும் ஆராய்ந்த வராகமிகிரர், தமது பிருஹத் சம்ஹிதையில் வாசனைப் பொருள்களின் கலவைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். 16 பொருள்களிலிருந்து நான்கு நான்காகத் தேர்ந்தெடுத்தால் 1,820 வகை கிடைக்கும். அவற்றின் அளவையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் 1,74,720 நறுமணங்கள் உண்டாகும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டுகிறார். வாசனையை வெறுக்கும் ஒரு மரபு இவ்வளவு பொறுமையாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காது.

உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் நகரின் வழியாகச் செல்லும் அன்பர்கள், வாய்ப்புக் கிடைத்தால் அங்குள்ள அத்தர் பட்டறை ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம். 'தேக்' என்னும் பெரிய செப்புப் பானையில் மலர்களையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, கீழே விறகும் வறட்டியும் எரிக்கிறார்கள். எழும் ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் 'பப்கா' என்னும் கலத்துக்குள் இறங்குகிறது. அங்கே காத்திருக்கும் சந்தன எண்ணெய் அந்த மணத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. பானையின் சூட்டைப் பெரும்பாலும் கைப்பழக்கத்தாலும் காதில் விழும் ஓசையாலுமே கணிக்கிறார்கள். ரோஜா, மல்லிகை, வெட்டிவேர் ஆகியவற்றோடு, சுட்ட களிமண்ணைக் காய்ச்சியும் ஓர் அத்தர் எடுக்கிறார்கள். கோடையின் முடிவில் முதல் மழை விழும்போது எழுகிறதே, அந்த மண்வாசனையேதான் அது! ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் அந்த வாசனைக்கு 1964-ஆம் ஆண்டு 'பெட்ரிகோர்' என்று பெயர் சூட்டினர். அதற்கு வெகு காலம் முன்பே கன்னோஜ் மக்கள் அதைக் குப்பியில் அடைத்துவிட்டனர். இத்தகைய மணத்தைப் பூசிக்கொள்பவர் தமக்கும் மகிழ்ச்சி தருகிறார், அருகில் இருப்பவருக்கும் தருகிறார். (அளவோடு பூசினால்தான். நெரிசலான மின்சார ரயிலில் ஒருவர் பூசிய அத்தர் ஒன்பது பேருக்குத் தலைவலி ஆவதும் உண்டு.)

ஆகவே நமது கேள்வி நறுமணத்தைப் பற்றியதன்று. அந்தப் பெட்டியின்மேல் இருந்த 'காரணம் தமக்கே தெரியாமல்' என்ற சொற்களைப் பற்றியது.

மனிதன் விட்டில் பூச்சியா?

அந்த வாக்குறுதி முதலில் உண்மைதானா?

பட்டுப்பூச்சிகளைப் பொறுத்தவரை உண்மை. ஜெர்மனியின் அடோல்ஃப் புட்டனாண்ட் என்னும் வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் சுமார் 20 ஆண்டுகள் உழைத்து, ஏறத்தாழ ஐந்து லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். 1959-இல் அதற்கு 'பாம்பிகால்' என்று பெயரிட்டனர். அதன் மிக நுண்ணிய அளவு காற்றில் கலந்தாலும் போதும், ஆண் பூச்சி சிறகடித்துக்கொண்டு அதன் திசையை நோக்கித் திரும்பிவிடும். அதற்கு விருப்பமா வெறுப்பா என்ற பேச்சே இல்லை. ஓர் உயிரினம் தன் இனத்துக்கு விடுக்கும் இத்தகைய இரசாயனச் செய்திக்கு 'பெரோமோன்' என்ற பெயரும் அதே ஆண்டில்தான் ஏற்பட்டது.

மனிதனிடம் இவ்வாறு செயல்படும் பொருள் எதுவும் இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. விற்பனையாளர்கள் அதிகமாகப் பெயர் சொல்லும் இரண்டு பொருள்களை ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். எதிர்பாலினத்தவரின் முகம் எவ்வளவு கவர்ச்சியாகத் தோன்றுகிறது என்ற மதிப்பீட்டை அவை சிறிதும் மாற்றவில்லை என்று தெரியவந்தது. வாசனைக்கு மனத்தின்மீது ஆற்றலே இல்லை என்பது இதன் பொருளன்று. கண், காது முதலிய புலன்களின் செய்திகள் மூளையில் 'தாலமஸ்' என்னும் இடைநிலையத்தின் வழியே செல்கின்றன. மோப்பச் செய்தியோ அங்கே நில்லாமல், உணர்ச்சிகளோடும் நினைவுகளோடும் தொடர்புடைய பகுதிகளை நேராகவே எட்டிவிடுகிறது. தாழம்பூவின் மணம் பட்டதும், காலமான பாட்டியின் பெட்டி சட்டென்று நினைவுக்கு வருவது இதனால்தான். ஆனால் பாட்டி நினைவுக்கு வருவது வேறு. யாரென்றே தெரியாத ஒருவரை நேசிக்கத் தொடங்குவது வேறு.

அப்படியானால் அந்த இளைஞர் ஏமாற்றப்பட்டிருக்கிறார். ஓர் ஏக்கத்தை இலக்காக வைத்து அவரிடம் பணம் பறித்திருக்கிறார்கள். "பலிக்காத மருந்துதானே, பூசிக்கொண்டால் என்ன தீங்கு?" என்று சிலர் கேட்கலாம். இதை நான் ஏற்க மாட்டேன். நஞ்சு என்று எண்ணி ஒருவருடைய பாலில் சர்க்கரையைக் கலந்தவன், பால் இனித்தது என்பதால் நிரபராதி ஆகிவிடுவானா? செயலின் வேர் சங்கல்பத்தில் இருக்கிறது. அந்தக் குப்பியைத் திறக்கும் கை, "இவருடைய சம்மதம் எனக்குத் தேவையில்லை, இவருடைய தடுமாற்றமே போதும்" என்று முடிவு செய்த கை. குப்பியில் இருப்பது வெறும் தண்ணீராக இருந்தாலும் அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

பௌத்த ஜாதகக் கதை ஒன்று உண்டு. தாமரைக் குளத்தின் கரையில் ஒரு துறவி நின்று மலரின் மணத்தை முகர்கிறார். அங்கே உறையும் தேவதை தோன்றி, "கொடுக்கப்படாததை எடுத்துக்கொண்டாய், நீ மணத்தைத் திருடியவன்" என்று கண்டிக்கிறது. அப்போது இன்னொருவன் குளத்தில் இறங்கி, தாமரைகளை வேரோடு பிடுங்குகிறான். அவனைத் தேவதை ஒன்றும் சொல்வதில்லை. காரணம் கேட்ட துறவிக்கு, ஏற்கெனவே அழுக்கேறிய ஆடையில் மேலும் ஒரு கறை தெரியாது, தூயதைத் தேடுபவனிடத்தில் மயிரிழை அளவு குற்றமும் மேகம்போலப் பெரிதாகத் தெரியும் என்று விடை கிடைக்கிறது. கதை கடுமையானதுதான். ஆனால் எனக்கு அதன் மறுபக்கமே தோன்றுகிறது. கேளாமல் ஒரு மணத்தை முகர்வதே திருட்டு என்றால், கேளாமல் பிறருடைய நாசியின் வழியே அவருடைய மனத்துக்குள் நுழைய முயல்வதை என்னவென்று அழைப்பது?

யோஜனகந்தி

மணத்தால் தொடங்கிய ஒரு காதலையும் அதன் விளைவுகளையும் மகாபாரதத்தைப் போல முழுமையாகச் சொன்ன நூல் வேறில்லை.

யமுனையில் ஓடம் செலுத்திய மீனவப் பெண் சத்தியவதியின் உடலில் மீன் நாற்றம் வீசியது; ஆகவே மச்சகந்தி என்று பெயர். பராசர முனிவர் அவளை விரும்பியபோது, தன் மேனி நறுமணம் கமழ வேண்டும் என்று அவள் வரம் கேட்டாள். ஒரு யோசனை தூரத்துக்கு அந்த மணம் பரவியதால் யோஜனகந்தி ஆனாள். இந்தக் கதையை நமக்குச் சொல்பவரோ அவளுக்கும் பராசரருக்கும் பிறந்த வியாசர்! தாயின் வரலாற்றை அவர் மூடி மறைக்கவில்லை.

பின்னர் ஒருநாள் மன்னன் சந்தனு யமுனைக் கரையில் அந்த மணத்தை உணர்ந்தான். எங்கிருந்து வருகிறது என்று தேடிச் சென்று அவளைக் கண்டான். இதுவரை எவர்மீதும் குற்றமில்லை. அவள் அந்த மணத்தை வலையாக விரிக்கவில்லை. அது அவளுடைய மேனியின் இயல்பாகவே ஆகிவிட்டிருந்தது. மன்னனும் மணத்தோடு நின்றுவிடாமல், "நீ யார், யாருடைய மகள்?" என்று கேட்டான். அவளும் உள்ளதைச் சொன்னாள். அவன் நேராக அவளுடைய தந்தையிடம் சென்று பெண் கேட்டான். மணம் அவனைக் கரைவரை அழைத்து வந்தது. அதற்கு மேல் நடந்தது பேச்சு. ஈர்ப்பு என்பது இவ்வாறு கேள்வியாக மாறும்போது அதில் அதர்மம் இல்லை.

அவள் வயிற்றில் பிறக்கும் மகனுக்கே அரியணை என்று மீனவர் தலைவன் நிபந்தனை விதித்தான். தேவவிரதனை எண்ணிச் சந்தனு அதற்கு இசையவில்லை. அதுவும் சரியே. ஆனால் அரண்மனைக்குத் திரும்பியவன் ஏக்கத்தில் உருகினான். மகன் காரணம் கேட்டபோது உண்மையைச் சொல்லாமல், ஒரே மகனைப் பெற்றவன் மகனில்லாதவனுக்குச் சமம் என்று சுற்றி வளைத்துப் பேசினான். இங்கேதான் கதை தடம் புரள்கிறது என்று நான் கருதுகிறேன். தேவவிரதன் முதிய அமைச்சர் வாயிலாக உண்மையை அறிந்து, நாட்டையும் இல்லறத்தையும் ஒரே நாளில் துறந்து பீஷ்மன் ஆனான். அவனுடைய தியாகத்தை நாம் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். ஆயினும் ஆசைப்பட்டவன் ஒருவன், விலை கொடுத்தவன் வேறொருவன். தந்தை மறைத்துப் பேசிய பேச்சின் பாரத்தை மகன் வாழ்நாள் முழுவதும் சுமந்தான்.

அடுத்த தலைமுறையில் கதை தலைகீழாகத் திரும்புகிறது. விசித்திரவீரியன் வாரிசின்றி இறந்தபின், குலம் தழைக்க வியாசரைச் சத்தியவதி அழைக்கிறாள். தவத்தால் சடை பிடித்த மேனி. நறுமணத் தாய்க்குப் பிறந்தவர் வீசும் நெடியோ எளிதில் தாங்க முடியாதது. அதை அவர் மறைக்கவில்லை. தம்முடைய நெடியையும் உருவத்தையும் உடையையும் உடலையும் பொறுத்துக்கொள்ள முடியுமானால் சம்மதம் என்று முன்னதாகவே சொல்லிவிடுகிறார். எவ்வளவு நேர்மையான நிபந்தனை! ஆனால் அது அம்பிகையிடம் போய்ச் சேரவில்லை. மைத்துனர் ஒருவர் இரவில் வருவார் என்று மட்டுமே சத்தியவதி அவளிடம் கூறுகிறாள். அவள் பீஷ்மரையும் மற்றக் குரு குலத்தவரையும் எண்ணிக் காத்திருக்கிறாள். எதிரே வந்து நின்றவரைக் கண்டதும் கண்களை இறுக மூடிக்கொள்கிறாள். பார்வையற்ற திருதராஷ்டிரன் பிறக்கிறான்.

முதல் கதையில் நறுமணம், இரண்டாவதில் நெடி. குலத்தைக் கெடுத்தது இரண்டுமே அல்ல. சந்தனு மகனிடம் சொல்லாமல் விட்டதும், சத்தியவதி மருமகளிடம் சொல்லாமல் விட்டதும்தான் கெடுத்தன. அம்பிகைக்கு எல்லாம் தெரிந்திருந்தால் அவள் மறுத்திருப்பாளோ என்னவோ. மறுப்பதற்கான வாய்ப்பே அவளுக்குத் தரப்படவில்லை என்பதுதான் விஷயம்.

சொல்ல முடியுமா?

ஒரு தடை எழலாம். சோப்பும் டியோடரண்டும் கூடத்தான் இயற்கையான வியர்வை நாற்றத்தை மறைக்கின்றன, அதுவும் பொய்தானே? மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையா, மலராலும் தைலத்தாலும் வந்ததா என்ற பாண்டியனின் ஐயமும், அதையொட்டி நக்கீரர் இறைவனோடு வாதிட்டதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவு வரும். அந்த வழக்கில் தீர்ப்பு எதுவாயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மல்லிகை சூடிய பெண், தான் மல்லிகை சூடியிருப்பதை எவரிடமும் மறைப்பதில்லை. பூ எல்லோரும் காணும்படி தலையில் இருக்கிறது. வெட்டிவேர் அத்தர் பூசியவரிடம் "என்ன வாசனை இது?" என்று கேட்டால் பெயரைச் சொல்லுவார், கடையையும் சொல்லுவார். குளித்துத் தூய்மையாக வருவது பிறருக்குச் செய்யும் மரியாதை. இவற்றில் எதுவும் வெளியே தெரிந்துவிட்டால் கெட்டுப்போவதில்லை.

அந்தப் பெட்டியில் இருப்பதை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. "நீங்கள் என்னை விரும்ப வேண்டும் என்பதற்காக, உங்களுக்குத் தெரியாமல் உங்கள் மனத்தை மாற்றும் ஒன்றைப் பூசி வந்திருக்கிறேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்ன கணமே எல்லாம் முடிந்துவிடும். அவர் கோபப்படுவார், கோபப்பட அவருக்கு உரிமை உண்டு. நாளை அவர்கள் மணம் செய்துகொண்டு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தாலும், இவர் அதைச் சொல்ல முடியாது. அவர் அன்போடு ஒரு வார்த்தை பேசும் ஒவ்வொரு முறையும், "இது என்மீது கொண்ட அன்பா, குப்பியின்மீது கொண்ட அன்பா?" என்ற ஐயம் இவருக்குள்ளேயே எழும். தாம் நேசிக்கப்படுகிறோமா என்பதை அறிவதற்குத் தமக்கிருந்த ஒரே வழியைத் தாமே அடைத்துக்கொண்டவர் ஆவார்.

இந்த ஆசையை இளைஞர்கள் தாமாகக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது. பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் என்ன காட்டினார்கள்? ஓர் ஆண் வாசனைத் தெளிப்பானை அழுத்துகிறான். முன்பின் அறியாத பெண்கள் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடி வருகிறார்கள். 2011-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இத்தகைய விளம்பரங்களைத் திருத்தவோ நிறுத்தவோ செய்யுமாறு விளம்பரத் தர அமைப்பிடம் கூறியது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பெண்ணுக்கு எதிரான கூட்டு வன்முறையையே வேடிக்கையாக்கிய ஒரு வாசனைத் தெளிப்பான் விளம்பரத்தை நீக்குமாறு அதே அமைச்சகம் சமூக வலைத்தளங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது. ஆபாசம் என்ற ஒரு சொல்லோடு இவற்றைக் கடந்துவிடுகிறோம். ஆபாசத்தைவிட ஆழமான பொய் ஒன்று இவற்றில் இருக்கிறது. பெண்ணுக்கென்று ஒரு மனம் இல்லை, அழுத்தினால் திறக்கும் பொறி ஒன்றுதான் இருக்கிறது என்பதே அந்தப் பொய். அந்தப் பொய்யை நம்பியவனுக்கு, அவள் 'வேண்டாம்' என்று சொல்லும்போது அது ஒரு பதிலாகவே கேட்காது. அளவு போதவில்லை போலும் என்று எண்ணிக்கொள்வான்.

எங்கள் வகுப்புக்கு வந்த இளைஞர் அத்தகையவர் அல்லர். அவருடைய நோய் ஆணவம் அன்று, அச்சம். தம்மை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அவர் எப்படியோ தீர்மானித்துவிட்டார். இந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை; இருபத்தைந்து வயதில் எனக்கும் இருந்தது. ஒரு நல்ல சட்டையும் சிறிது அத்தரும் அதைத் தணிக்கும் என்றால் தாராளமாக அணியட்டும். நிமிர்ந்து நிற்க உதவுகிற எதுவும் கேடன்று. அதற்குப் பின் அவர் பேசியாக வேண்டும். பேசினால் மறுப்பு வரலாம்; அதற்கு நான் எந்த உத்தரவாதமும் தர முடியாது. மறுக்கும் ஆற்றல் உள்ள ஒருவர் தரும் சம்மதத்துக்கே பொருள் உண்டு என்பதை மட்டும் அன்று சொல்லியிருக்கலாம்.

அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அவர் வந்தார். பின் வரிசையில் அமர்ந்து, வகுப்பு முடிந்ததும் புறப்பட்டுவிட்டார். பிறகு பூனாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டதாக அவருடைய அறை நண்பர் கூறினார். பெட்டியைத் திறந்தாரா, திருப்பி அனுப்பினாரா என்று நண்பருக்குத் தெரியவில்லை. எனக்கு வேறொன்றுதான் மனத்தில் நிற்கிறது. ஒரு மாதமாக அந்தக் குப்பியைப் பற்றி அவ்வளவு யோசித்தவர், அந்தப் பெண்ணோடு இதுவரை ஒரு வார்த்தையாவது பேசியிருக்கிறாரா என்று அன்று நான் கேட்கவே இல்லை.